உஷார்! பீரோவுக்குள் இருக்கும் கிரீன் கார்டு பத்திரமாக இல்லை

“கார்டுலதான் 2032 வரைக்கும் தேதி போட்டிருக்கே, பொறவு என்ன?”

பாளையங்கோட்டையில் இந்தப் பேச்சை ஒரே வருஷத்தில் நான்கு வீடுகளில் கேட்டுவிட்டேன். பேசியவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள். பிள்ளைகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கார்டு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் துணிப்பைக்குள் இருக்கிறது. கார்டுக்கு உரியவர்கள் பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் இருக்கிறார்கள். வந்து எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. அதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

என் மைனிக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் மாதம் அண்ணனும் மைனியும் டல்லாஸிலிருந்து வந்தார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு, டிக்கெட்டும் போட்டிருந்தது. ஆவணியில் அண்ணன் படுத்தார். ஐப்பசியில் போய்விட்டார். அதன் பிறகு மைனி எப்படிக் கிளம்புவார்? தலைத்திவசம் முடியாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். மறுவருஷம் அந்தத் திதி ஐப்பசிக் கடைசியில் வந்தது. திதி பார்த்துச் செய்கிறவர்களுக்குத் தெரியும், முதல் வருஷத் திவசம் சில வருஷம் 354 நாளில் வரும், சில வருஷம் 384 நாளில் வரும். எங்களுக்கு 384.

போன கார்த்திகையில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மைனியைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பெட்டி. ஒன்று முழுக்கப் பேரப்பிள்ளைகளுக்கு: கல்லிடைக்குறிச்சி அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், வற்றல். கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்தார், சரி என்றார். பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். இந்தியாவுக்குள் வந்தபோது குத்திய முத்திரை இருந்த பக்கத்தில் நிறுத்தி, அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தார். இதற்கப்புறம் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, ஒரு வருஷம் தாண்டிவிட்டால் இந்தக் கார்டை வைத்து ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். எடை போட்டு வைத்திருந்த பெட்டிகளை இறக்கி மறுபடி வண்டியில் வைத்தோம். ஆரல்வாய்மொழி தாண்டும்வரை மைனி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு, “என் கார்டுல தேதி இருக்குல்லா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் விதிப்படிதான் செய்தார். விதி எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் அந்தக் கார்டை வைத்திருந்தவருக்கும் தெரியாது, தெருவுக்கே ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வக்கீல்களிடம் கேட்டும் விதிகளைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

குழப்பம் நம் வார்த்தையிலேயே தொடங்குகிறது. கிரீன் கார்டு, பி.ஆர். எல்லாவற்றையும் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்கிறோம். பத்திரிகைகளும் அப்படித்தான் போடுகின்றன. அது குடியுரிமை இல்லை. குடியுரிமை உள்ளவன் பத்து வருஷம் வெளியே கிடந்தாலும் அவன் நாட்டுக்குள் போகலாம். பி.ஆர். என்பது அங்கே தங்கி வாழ்வதற்குக் கொடுத்த அனுமதி. வாழ்கிறவரைக்கும்தான் அது நிரந்தரம். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிபடும்: இது பட்டா நிலம் இல்லை, குத்தகை நிலம். உழுகிறவரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பூ தரிசாகப் போட்டுவிட்டு வந்து நின்றால், நிலம் உனக்கு வேண்டாம் போலிருக்கே என்பார்கள்.

கார்டில் இருக்கிற தேதி அந்த அட்டையின் ஆயுள், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட்டோவை மாற்றிப் புது அட்டை வாங்க வேண்டும் என்பதற்கான தேதி. உங்கள் அந்தஸ்தின் தேதி அதில் அச்சடிக்கப்படவில்லை. அது நீங்கள் அமெரிக்காவை விட்டு விமானம் ஏறிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறு மாதம், அதாவது 180 நாள் தாண்டினால், திரும்பிப் போகும்போது புதிதாக நுழைவு கேட்டு வருகிறவரைப் போல உங்களை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. ஒரு வருஷம் தாண்டினால், வேறு அனுமதி ஏதும் கையில் இல்லாத பட்சத்தில், அந்தக் கார்டு பயண ஆவணமாகவே செல்லாது. விமான நிறுவனம் ஏற்றாது. ஏற்றினால் அவர்களுக்கு அபராதம்.

இதைச் சொன்னதும் அடுத்த பேச்சு தயாராக இருக்கும். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போயித் தலையக் காட்டிட்டு வந்தாப் போதும்.” மைனி கதையை விட எனக்கு இதுதான் அதிக பயம், ஏனென்றால் இப்படிச் செய்கிறவர்கள் தாங்கள் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து மாதம் இங்கே, இரண்டு வாரம் அங்கே, மறுபடி ஐந்தரை மாதம் இங்கே. இப்படியே நான்கு வருஷம். ஒரு பயணம்கூட ஆறு மாதத்தைத் தாண்டவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே நாளை மட்டும் பார்ப்பதில்லை. உன் வீடு எங்கே? எங்கே குடியிருக்கிறாய், எங்கே போய்வருகிறாய்? வெளியே வந்தது ஒரு காரியத்துக்காகவா, அந்தக் காரியம் எப்போது முடியும்? பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு அமெரிக்காவுக்குப் போய்வருகிறவர் நிரந்தரவாசி இல்லை, விருந்தாளி. அதை ஓர் அதிகாரி பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்தே பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். இப்போது முத்திரைகூட வேண்டாம். 2025 டிசம்பர் 26 முதல் அமலான விதிப்படி, அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத யாரையும், கிரீன் கார்டுகாரர்களையும் சேர்த்து, உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் முகத்தைப் படம் எடுக்கலாம். உங்கள் நாள் கணக்கு உங்களைவிட அவர்கள் கணினிக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊரில் நாள் ஓடிப்போவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மேலப்பாளையத்தில் வீடு கட்ட ஆரம்பித்து, ஆற்று மணல் கிடைக்காமல், மேஸ்திரி வராமல், மூன்று மாத வேலை பதினோரு மாதமாகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் பூர்வீகச் சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு. நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவும் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது, அடுத்த வாய்தாவில் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மாவுக்குத் தொண்ணூறு வயது, படுக்கையில் இருக்கிறார், விட்டுவிட்டு எப்படிப் போவது? மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மூட்டு அறுவைச் சிகிச்சையை அங்கே செய்தால் ஏகப்பட்ட செலவு, இங்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ மதுரையிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தது. இவை எல்லாமே நியாயமான காரணங்கள். இவற்றில் பலதை அவர்களும் ஏற்றுக்கொள்வார்கள், காகிதம் இருந்தால். காகிதம் சேர்க்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ், வழக்கு எண்ணும் வாய்தாத் தேதியும் உள்ள நீதிமன்றத் தாள், முதலில் போட்டுப் பிறகு ரத்து செய்த டிக்கெட். இந்த ரத்தான டிக்கெட் பெரிய சாட்சி. திரும்பும் எண்ணம் இருந்தது என்று அது சொல்லும். தமிழில் உள்ள தாள்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆறு வீட்டுக்குள் வந்தபோது எத்தனை பீரோக்களின் கீழ்த்தட்டு நனைந்தது என்று எண்ணிப் பாருங்கள். கார்டு தொலைந்தோ கெட்டோ போய், நீங்கள் அமெரிக்காவை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை என்றால், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஐ-131ஏ விண்ணப்பம் கொடுத்து விமானம் ஏறுவதற்கான அனுமதி வாங்க வழி இருக்கிறது. ஒரு வருஷம் ஆகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே கார்டின் இரண்டு பக்கத்தையும், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அங்கே இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். இதை இப்போதே செய்யலாம், ஒரு பைசா செலவில்லை.

இனி, மிக முக்கியமானதாக நான் நினைப்பது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு ரீ-என்ட்ரி பர்மிட் என்று ஒன்று உண்டு. ஐ-131 விண்ணப்பம். கிடைத்தால் இரண்டு வருஷம் செல்லும். நிரந்தரவாசியான பிறகு, கடந்த ஐந்து வருஷத்தில் நான்கு வருஷத்துக்கு மேல் வெளியிலேயே இருந்தவர்களுக்கு ஒரு வருஷம்தான் தருவார்கள். இதை விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். விரல் ரேகையும் அங்கேதான் எடுப்பார்கள். அதை முடித்துவிட்டால் பர்மிட் வரும்வரை அங்கேயே காத்திருக்கத் தேவையில்லை. சென்னைத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம். ஆனால் நெல்லைக்கு வந்து சேர்ந்த பிறகு இங்கே உட்கார்ந்துகொண்டு விண்ணப்பிக்கவே முடியாது. “ரீ-என்ட்ரி பர்மிட் நான் இங்கருந்தே எடுத்துத் தாரேன், முப்பதாயிரம் ஆகும்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அவரிடம் பணத்தோடு உங்கள் பாஸ்போர்ட்டையும் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அங்கிருந்து கிளம்பும்போது நம் பெற்றோர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று அவர்கள் ஓட்டம் அவர்களுக்கு. ஆனால் தம்பிமாரே, உங்கள் அம்மாவுக்குப் போக வர டிக்கெட் போடுகிற அன்றைக்கே இதையும் யோசியுங்கள். மூன்று மாதம் என்று கிளம்புகிறவர்கள் மூன்று மாதத்தில் திரும்புவது அபூர்வம். ஊர் அப்படி இழுத்துப் பிடிக்கும்.

வருமான வரி இன்னொரு கண்ணி. கிரீன் கார்டு இருக்கிறவரை உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும்: பாளையங்கோட்டை வீட்டு வாடகை, இங்கே வங்கியில் போட்டிருக்கிற டெபாசிட்டுக்கு வரும் வட்டி, பென்ஷன், எல்லாம். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளில் மொத்தமாகப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வருஷத்தில் ஒரு நாள் இருந்தாலும் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். வரியை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்து, “நான் அங்கே குடியிருக்கவில்லை” என்கிற ஃபாரத்தில் கணக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கைப்பட நீங்களே, நான் அங்கே வசிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததாக அதை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் விமான நிலையத்தில் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

சரி, விமான நிலையத்தில் என்ன நடக்கும்? எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் கதை இது. மகன் நியூஜெர்சியில். சேரன்மகாதேவி வயல் வழக்குக்காக வந்தவர், வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போனது. 2025 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது: இந்தியாவிலிருந்து திரும்பும் வயதான கிரீன் கார்டுகாரர்களை அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்தி, கார்டை ஒப்படைத்துவிடும்படி நெருக்குவதாக அங்குள்ள குடியேற்ற வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு அண்ணாச்சி பதறி என்னிடம் வந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணினோம். அவர் மாதமாக எண்ணினார், நான் நாளாக எண்ணினேன். 339. ஒரு வருஷத்துக்கு 26 நாள் பாக்கி. அண்ணாச்சிக்குக் கை நடுங்கியது. அன்று ராத்திரியே மகன் டிக்கெட் போட்டார்.

கிளம்புவதற்கு முன் அவருக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினோம். ஐ-407 என்று ஒரு ஃபாரம் உண்டு. “என் நிரந்தரவாசி அந்தஸ்தை நானாக விரும்பி விட்டுக்கொடுக்கிறேன்” என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. அதில் கையெழுத்துப் போடும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. போட மாட்டேன், குடியேற்ற நீதிபதி முன்னால் என் பக்கத்தைச் சொல்கிறேன் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்ததால் மட்டும் அந்தஸ்து போகாது; அந்த விசாரணையில் இறுதி உத்தரவு வரும்வரை நீங்கள் நிரந்தரவாசிதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

அண்ணாச்சியைத் தனி அறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். பதினேழு மணி நேரம் பறந்து போன மனுஷன், சர்க்கரை மாத்திரை போடுகிற நேரம் தாண்டிவிட்டது. எதற்காக வந்தாய், எங்கே இருந்தாய், வருமானம் எங்கே, மனைவி எங்கே? கடைசியில் ஒரு தாளை முன்னால் வைத்து, இதில் போட்டால் உடனே போகலாம், அடுத்த தடவை விசிட்டர் விசாவில் வரலாம் என்றார்களாம். அந்த நிலையில் யாராக இருந்தாலும் போட்டுவிடுவார்கள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டார். எடுத்த பிறகுதான் ஃபாரத்தின் மேல் மூலையில் 407 என்ற எண் கண்ணில் பட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வழக்குத் தாள்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறு ஒரு அதிகாரி வந்து படித்துப் பார்த்து, இனி இவ்வளவு நாள் இருக்காதே என்று எச்சரித்து உள்ளே விட்டார். எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிபதி முன் போகச் சொல்லி நோட்டீஸும் கொடுக்கலாம். அப்படி வந்தால் வக்கீல் வைத்து வாதாட வேண்டியதுதான்.

இதில் ஒன்றை மனம் திறந்து பேச வேண்டும். பல வீடுகளில் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அங்கே வாழ ஆசையே இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச ஆள் இல்லை, பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் போதும். அப்படியென்றால் கார்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிப்பது கௌரவமான வழி. ஐ-407 ஃபாரத்தை இங்கிருந்தே நிரப்பித் தபாலில் அனுப்பலாம். யோசித்து, குடும்பத்தோடு பேசி, வீட்டு மேஜையில் உட்கார்ந்து போடுகிற கையெழுத்து வேறு. தூக்கம் கெட்டு, பயந்துபோய், தனி அறையில் போடுகிற கையெழுத்து வேறு. எட்டு வருஷமோ அதற்கு மேலோ கார்டு வைத்திருந்தவர்கள் ஒப்படைக்கும் முன் வரி ஆலோசகரைப் பாருங்கள். வெளியேறுவதற்கென்று தனியாக ஒரு வரிக் கணக்கு இருக்கிறது.

கனடா கணக்கு இன்னும் நேரடியானது, ஆனால் நம் இளவட்டங்கள் அதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். எந்த ஐந்து வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் 730 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். 2002 ஜூன் 28-இல் வந்த சட்டம் அது. பி.ஆர். கிடைத்ததும் போய் இரண்டு வாரம் இருந்து கார்டு வாங்கிவிட்டு, இங்கே இருக்கிற வேலையை விட மனசில்லாமல் திரும்பி வந்து, கார்டு ஐந்து வருஷத்துக்கு இருக்கே என்று நிம்மதியாக இருக்கிறவர்களைத் தெரியும். மூன்று வருஷம் முழுசாக வெளியே கழிந்துவிட்டால், பாக்கி இருக்கிற இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவற முடியாது. கனடியக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாளும் கணக்கில் சேரும், அதற்கும் அத்தாட்சி வேண்டும். அங்கே கார்டு காலாவதியானாலே அந்தஸ்து போய்விடாது. ஓர் அதிகாரி முடிவெடுத்தால்தான் போகும். அப்படி வெளிநாட்டில் வைத்து முடிவெடுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் ஐ.எல்.ஆர். என்ற நிரந்தர வசிப்பு அனுமதி வாங்கிய நர்ஸ்களும் டாக்டர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். தொடர்ச்சியாக இரண்டு வருஷம் வெளியே இருந்தால் அது தானாகவே போய்விடும், யாரும் கடிதம் போட மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பி.ஆர். தானாகப் போகாது, ஆனால் வெளியே போய்விட்டு உள்ளே வருகிற வசதி ஐந்து வருஷத்துக்குத்தான். பிறகு ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா வாங்க வேண்டும், கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அங்கே இருந்திருந்தால் அது சுலபம். வளைகுடாவில் பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. அமீரகத்தின் சாதாரண ரெசிடென்ஸ் விசா ஆறு மாதம் வெளியே இருந்தால் ரத்தாகிவிடும்.

சிங்கப்பூரைப் பற்றிக் கடையநல்லூர், தென்காசிக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிங்கப்பூரில் நிலைத்து, 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவி, உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நடத்தியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். ஆனால் அந்தத் தலைமுறையின் பேரன்கள் இன்றைக்கு நீல அட்டையோடு ஊருக்கு வந்து மாதக்கணக்கில் இருக்கும்போது ரீ-என்ட்ரி பர்மிட் தேதியைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் நிரந்தரவாசியின் உயிர்நாடி அந்தப் பர்மிட்தான். அது இல்லாமல் வெளியே இருந்தால் அந்தஸ்து போய்விடும். 2025 டிசம்பர் 1 முதல் 180 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அவகாசத்தை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பர்மிட் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பியுங்கள். பையனைப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறவர்கள் தேசிய சேவைக் கடமையையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நம் மக்கள் இதே அடியை ஒரு முறை வாங்கியிருக்கிறார்கள். 1949-இல் இலங்கையில் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1-க்கு முன்னால் மணமானவர்கள் ஏழு வருஷமும் மணமாகாதவர்கள் பத்து வருஷமும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. தூத்துக்குடியில் வந்து கப்பலிறங்கி, சொந்த ஊரில் கல்யாணம், சாவு, அறுப்பு பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தத் தாளும் இல்லாமல் நின்றார்கள். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது நாடற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 9,75,000 பேர். எல்லோரும் இந்த ஒரு காரணத்தால் அப்படி ஆனவர்கள் இல்லை. ஆனால் ஊருக்கு வந்த நாளை எழுதிவைக்காதது எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்று நம் தாத்தாமார் காலத்திலேயே பார்த்தாயிற்று.

ஒரு வருஷம் ஏற்கெனவே தாண்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவுக்கு எஸ்.பி-1 என்ற ரிட்டர்னிங் ரெசிடென்ட் விசா இருக்கிறது. டிஎஸ்-117 ஃபாரத்தோடு அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன், அந்த எண்ணம் மாறவே இல்லை, என் கைமீறிய காரணத்தால் தங்க நேர்ந்தது என்று மூன்றையும் காட்ட வேண்டும். 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 26 வரை வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றிருந்தபோது மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு அது கிடையாது. எஸ்.பி-1 கிடைக்காவிட்டால், 21 வயது தாண்டிய, குடியுரிமை பெற்ற பிள்ளை பெற்றோருக்காக மறுபடி முதலிலிருந்து மனுப் போடலாம். காலமும் பணமும் பிடிக்கும், ஆனாலும் கதவு இருக்கிறது.

மைனிக்கு இப்போது அந்தத் தாள்களைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அண்ணனின் ஆஸ்பத்திரித் தாள்கள் கிடைத்துவிட்டன, 2024 செப்டம்பருக்குப் போட்டு ரத்து செய்த டிக்கெட்டும் மகனிடம் இருந்தது. அண்ணன் படுத்திருந்த நாட்களுக்குச் சான்று உண்டு. தலைத்திவசத்துக்காகக் காத்திருந்த 384 நாட்களுக்கு எந்த அலுவலகமும் சான்றிதழ் தராது. ஒரு விதவை முதல் வருஷம் வீட்டை விட்டு ஏன் கிளம்ப மாட்டாள் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அண்ணாச்சி போன வருஷமே அங்கே பர்மிட்டுக்கு எழுதிப் போட்டு, விரல் ரேகை கொடுத்துவிட்டு, இந்தத் தை மாதம் வந்திருக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் பீரோக் கதவின் உள்பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே, வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் இரண்டு தேதி எழுதி ஒட்டியிருக்கிறார். ஒன்று நியூயார்க்கில் விமானம் ஏறிய நாள். இன்னொன்று அதிலிருந்து 150-ஆவது நாள். காலையில் வேட்டி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி.